அஞ்சு பெட்டிச் சத்தம்

போடிநாயக்கனூர் நகரத்தாருக்கும், குரங்கணி முதல் போடிமெட்டு வரை மலைச்சரிவில் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் சகல பெருமக்களுக்கும், தோட்டமில்லாமல் அந்தத் தோட்டங்களுக்கு ஜீப்பில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போகும் மற்றப் பெருமக்களுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: நிகழும் ஆடி மாதம் இரண்டாம் வெள்ளிக்கிழமை, காலை ஒன்பதேகாலுக்கு மேல் பத்தேகாலுக்குள் நல்ல நேரத்தில், கோயில் கமிட்டித் தலைவர் காசிமாயன் அவர்களின் இல்லத்தில் ஹோம் தியேட்டர் ஸ்தாபிக்கப்பட்டது.

ஸ்தாபிக்கப்பட்டதே தவிர, பாடவில்லை.

அதற்குக் காரணம் காசிமாயன் அல்ல என்று காசிமாயனே சொன்னார். ரிசீவர் என்ற கறுப்புப் பெட்டி ஒன்று, அதிலிருந்து வயர் போகும் ஸ்பீக்கர் பெட்டிகள் ஐந்து, தனியாகத் தரையில் உட்கார்ந்து உறுமுவதற்கு ஒரு பெரிய பெட்டி. வாங்கின கடையில், "ஆள் அனுப்பி மாட்டித் தர்றோம்ணே" என்று எவ்வளவோ சொன்னார்கள். ஐம்பத்தெட்டு வயதில், மூன்று மலை தாண்டி மோட்டார் பம்பு மாட்டியவருக்கு இன்னொரு ஆள் வந்து வயர் மாட்டுவதா? நுனிப் பிளாஸ்டிக்கைப் பல்லால் கடித்து உரித்துத் துப்பித் துப்பி, சோபாவுக்கு அடியெல்லாம் சிவப்பும் கறுப்புமாகக் கிடந்தது. ஐந்து ஸ்பீக்கரையும் கண்ணாடி ஷோகேஸுக்குள் வரிசையாக நிறுத்தி வைத்தார், யாரோ அவருக்குச் சால்வை போர்த்துகிற போட்டோவுக்கு நேர் கீழே. உறுமுகிற பெட்டிக்கு விபூதிப் பட்டை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டினார். அவர் மனைவி சுந்தரம்மாளும் வேறு வழியில்லாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

இந்த அவசரத்துக்கு ஒரு காரணம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மதியம் மலைக்கு அந்தப் பக்கம் பூப்பாறையிலிருந்து சம்பந்தி வேலுச்சாமியும் மருமகன் விஜயபாண்டியும் வருகிறார்கள். சம்பந்தி வீட்டு டிவிக்குப் பக்கத்தில் ஆளுயர ஸ்பீக்கர் இரண்டு நிற்கும். ஆகவே இங்கே ஐந்து.

அவர்கள் ஹோம் தியேட்டர் பார்க்க வரவில்லை. மகள் கார்த்திகாவைக் கூட்டிப்போக வருகிறார்கள்.

கார்த்திகா பன்னிரண்டு நாளைக்கு முன்னால், காலை பஸ்சில், ஒற்றைப் பையோடு வந்து இறங்கினாள். தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம், "ஆடிக்கு அழைச்சிருக்கோம்" என்று சுந்தரம்மாள் சொன்னாள். கல்யாணமாகி மூன்று வருசமான பெண்ணை எந்த ஊரில் ஆடிக்கு அழைக்கிறார்கள் என்று தெரு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. வந்ததிலிருந்து அப்பனோடு ஒரு பேச்சுக் கிடையாது. அவர் கூடத்துக்கு வந்தால் இவள் அடுப்படிக்குப் போவாள். இந்தப் புழுக்கத்திலும் முழுக்கைச் சுடிதார். ஏலக்காய் பொறுக்கும்போதுகூடக் கையை மடக்கிவிட மாட்டாள்.

"என்னத்தா நடந்துச்சு? அம்மாகிட்டச் சொல்லு."

"அப்பாவுக்குத் தெரியும்மா. அவருகிட்டக் கேளு."

பன்னிரண்டு நாளும் இதே பதில். சுந்தரம்மாள் அவரிடம் போய்க் கேட்டால் அங்கேயும் ஒரே பதில்.

"எனக்கென்னடி தெரியும்? ஏதோ புருசன் பொண்டாட்டி மனத்தாங்கலா இருக்கும். ஞாயித்துக்கிழமை வர்றாக. கறியும் சோறும் ஆக்கிப் போட்டுக் கூட அனுப்பி வைக்கிறோம். சோலி முடிஞ்சது."

இரண்டில் ஒன்று பொய். எது என்று தெரியாமல் சுந்தரம்மாள் நடுவில் கிடந்து அல்லாடினாள். மகள் பொய் சொல்லிப் பழகினவள் இல்லை. புருசனோ கோயில் கமிட்டித் தலைவர்.

சனிக்கிழமை விடிந்ததிலிருந்து மலையிலிருந்து ஊதக்காற்று. தெருமுனையில் தோட்டத்து ஜீப்பில் பதினெட்டுப் பெண்கள் தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு அடைந்திருந்தார்கள். பத்தொன்பதாவதாக ஒருத்திக்கு இடம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேலே மெட்டில் சாரல் விழுகிறது, காய் பழுத்துக் கொட்டுவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று டிரைவர் ஆரன் அடித்துக்கொண்டே இருந்தான். வழக்கமாக அந்த ஜீப்புக்குப் பின்னாலேயே தன்னுடைய ஜீப்பில் கிளம்பும் காசிமாயன் அன்று போகவில்லை. ரிசீவருக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவதும் இறக்குவதுமாக இருந்தார்.

பெட்டிக்குள் ஒரு சின்ன மைக் இருந்தது. கூம்பாக, கறுப்பாக, கோயில் கோபுரத்தைக் கட்டைவிரல் அளவுக்குச் செய்த மாதிரி. அதைச் சொருகியதும் டிவியில் எழுத்து ஓடியது. காசிமாயன் வாழ்க்கையில் ஒரு மைக்கைப் பார்த்துப் பேசாமல் இருந்ததில்லை. எழுந்து நின்று வேட்டியைச் சரி செய்துகொண்டார்.

"வணக்கம். மைக் டெஸ்டிங். ஒன்னு, ரெண்டு, மூனு. பெரியோர்களே, தாய்மார்களே…"

கூடத்தில் இருந்த ஒரே தாய்மார் சுந்தரம்மாள், முறத்தில் கொத்தமல்லி விதையைப் புடைத்துக்கொண்டிருந்தாள். டிவியில் சிவப்பாக ஒரு எழுத்து வந்தது.

"என்னங்க சொல்லுது?"

"சத்தம் பத்தலையாம்" என்றார், படிக்காமலே. அடுத்த தடவை தொண்டையைக் கனைத்து, அன்னதானத்தின் மகிமை பற்றி நாலு வார்த்தை விட்டார். மறுபடியும் சிவப்பு. மூன்றாவது தடவை மைக்கைத் திட்டினார். நான்காவது தடவை கடைக்காரர் கிங்ஸ்லிக்கு ஆள் போனது.

கிங்ஸ்லி நாற்பது வயதுக்காரர், சாந்தமான மனிதர். எதைத் தொட்டாலும் "இயேசப்பா" என்று சொல்லித்தான் தொடுவார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே காசிமாயன் ஆரம்பித்துவிட்டார்.

"வாய்யா கிங்ஸ்லி. என்னத்தக் குடுத்திருக்க? ரிசீவரும் சரியில்ல, மைக்கும் சரியில்ல. நானும் காலையிலருந்து நாலு தடவ பேசிட்டேன்."

"பேசுனீகளா?"

"பின்ன? மைக்கு எதுக்குய்யா குடுத்திருக்கு?"

கிங்ஸ்லி இரண்டு நிமிசம் ஷோகேஸைப் பார்த்தார். ஐந்து பெட்டியும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு, குரூப் போட்டோவுக்கு நிற்கிற மாதிரி நின்றன. சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்.

"அண்ணே, இது நாம பேசுற மைக்கு இல்ல. அது கேக்குற மைக்கு. ரூமுக்குள்ள எந்தப் பெட்டி எம்புட்டுத் தூரத்துல இருக்கு, என்ன சத்தம் வருதுன்னு அதுவாக் கேட்டு அளந்துக்கிடும். அது கேக்குற வரைக்கும் நாம வாயத் தொறக்கக் கூடாது."

சுந்தரம்மாளுக்கு வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு மெஷின்மேல் மரியாதை வந்தது.

"அப்படி ஒண்ணு இருக்குன்னு முன்னாடியே சொல்லியிருந்தா எப்பவோ வாங்கியிருக்கலாமே தம்பி" என்றாள்.

காசிமாயன் திரும்பவே இல்லை. அது அவருடைய புகழ்பெற்ற குணம். சில்லறைப் பேச்சுக்கு அவர் காது கொடுப்பதில்லை. இந்த நாலைந்து வருசமாகத்தான் அந்தக் குணம் இப்படி முற்றிப் பழுத்திருந்தது. சாப்பாட்டு மேஜையில் அவர் நாற்காலிக்கு வலப்பக்கம் சுவர், சுந்தரம்மாள் இடப்பக்கம் நின்று, டிவி இரைச்சலுக்கு நடுவில், "இன்னுங் கொஞ்சம் ரசம் விடவா?" என்பாள். பதில் வராது. பெரிய மனிதர்கள் ரசத்துக்கெல்லாம் பதில் சொல்வதில்லை என்று அவளே விட்டுவிடுவாள். போன வருசம் கமிட்டிக் கூட்டத்தில் ஒரு ஆள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவரைக் கண்டபடி ஏசியிருக்கிறான்; இவர் முகத்தில் ஒரு ரோமம் அசையவில்லையாம். "மலைய்யா அந்த மனுசன்" என்று ஊரே பேசியது. அடுத்த வருசமும் அவரே தலைவர்.

கிங்ஸ்லி ஷோகேஸைக் காலி செய்தார். டிவிக்கு இடதும் வலதுமாக ஒவ்வொன்று, நடுவில் ஒன்று, சோபாவுக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. வயரைப் புதிதாக உரித்துச் சொருகினார், பல் படாமல். அளக்கிற வேலை முடிந்ததும் காசிமாயனை சோபா நடுவில் உட்கார வைத்தார்.

"அண்ணே, இப்ப ஒவ்வொரு பெட்டியாச் சத்தம் விடுறேன். எது கத்துதோ அதக் கைகாட்டுங்க. அம்புட்டுத்தான்."

மழை ஓட்டில் விழுகிற மாதிரி, முன்னால் வலதுபக்கத்துப் பெட்டி "ஷ்ஷ்ஷ்" என்றது. காசிமாயன் வலது பக்கம் கைகாட்டினார்.

"கரெக்ட்டு."

சத்தம் இடதுபக்கத்துப் பெட்டிக்குப் போனது. காசிமாயன் வலது பக்கம் கைகாட்டினார்.

கிங்ஸ்லி ரிமோட்டைப் பார்த்தார். பின்னால் இடதுபக்கம் வைத்தார். காசிமாயன் வலது பக்கம். நடுப்பெட்டிக்கும் வலது பக்கம். மறுபடி இடதுபக்கத்துப் பெட்டிக்கே வந்தார், அதற்கும் வலது பக்கம்.

"அண்ணே, வெளையாடாதீக."

"நான் எதுக்கு வெளையாடுறேன்? அஞ்சு பெட்டின்னு குடுத்துட்டு ஒத்தப் பெட்டிய ஓட்டிக்கிட்டு இருக்க. மத்தது நாலும் வெறும் டப்பா. சம்பந்தி வந்து உக்காந்தா என்னய்யா நெனைப்பாரு?"

"இங்கேருங்க, இடதுபக்கந்தான கத்துது" என்றாள் சுந்தரம்மாள். "எனக்கே கேக்குது."

"உனக்கென்னடி தெரியும் டெக்னிக்கு?"

கிங்ஸ்லி முகத்தில் இருந்த சிரிப்பு மெதுவாக இறங்கியது. சத்தத்தை இடதுபக்கத்துப் பெட்டியிலேயே நிறுத்திவிட்டு, சோபாவுக்குப் பக்கத்தில் வந்து குத்தவைத்து உட்கார்ந்தார்.

"அண்ணே, எனக்காக ஒண்ணு செய்ங்க. வலது காத வெரல வச்சு நல்லா அடைங்க. கெட்டியா."

காசிமாயன் ஆள்காட்டி விரலைக் காதுக்குள் சொருகினார். கூடம் முழுக்க "ஷ்ஷ்ஷ்" என்று இரைந்துகொண்டிருந்தது. அவர் கண்ணை உருட்டி, மேலே ஓடுகிற மின்விசிறியைப் பார்த்தார், டிவியைப் பார்த்தார்.

"கரண்டு போயிருச்சா?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார்.

சுந்தரம்மாள் கையிலிருந்த முறம் சாய்ந்து கொத்தமல்லி விதை தரையெல்லாம் ஓடியது. அவளுக்கு ரசம் ஞாபகம் வந்தது. நாலு வருசத்து ரசம். கமிட்டிக் கூட்டத்தில் அசையாத மலை ஞாபகம் வந்தது. மலை இல்லை, ஒன்றுமில்லை. அந்த ஆள் உட்கார்ந்த பக்கத்தில் காதே இல்லை.

அடுப்படி வாசலில் கார்த்திகா நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்து நின்றாள் என்று தெரியவில்லை. கையில் மொச்சை உரித்த தோல். கிங்ஸ்லியைப் பார்த்துக் கேட்டாள்.

"அந்தக் காது கேக்கவே கேக்காதாண்ணே?"

"எங்கப்பாருக்கும் இப்படித்தாம்மா இருந்துச்சு. கொஞ்சங் கொஞ்சமாப் போகும், போறது நமக்கே தெரியாது. எல்லாச் சத்தமும் நல்ல காது இருக்குற பக்கமே வர்ற மாதிரி இருக்கும். இப்படி ரூமுக்குள்ள அடுத்த காத வச்சு ஒப்பேத்திக்கிடலாம். இரைச்சல் இருந்தா அதுவும் கெடையாது."

"ஜீப்புக்குள்ள?"

"ஜீப்புல எங்கிட்டுக் கேக்கும்? வலது காதுல காத்து அடிக்கும், இஞ்சின் சத்தம் வேற. இடது பக்கம் உக்காந்து பேசுறவுக பேச்சு ஒரு சொல்லு விழுகாது."

கார்த்திகா தோலைக் கீழே போட்டாள். நடந்து வந்து அப்பனுக்கு இடது பக்கம், ஜீப்பில் உட்காருகிற அதே கையகலத் தூரத்தில், சோபாவில் உட்கார்ந்தாள். அவர் விரலை எடுக்காமல் ரிசீவரின் சின்ன விளக்கையே முறைத்துக்கொண்டிருந்தார். அவளும் அவரைப் பார்க்காமல், ரோட்டைப் பார்க்கிற மாதிரி நேராகப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அப்பா, இந்தத் தடவ என்னைய அங்க கொண்டு விடாதீங்க. அவரு அடிக்கிறாரு. அடிச்சாக்கூடப் பரவாயில்ல. காய் காயப்போடுற ஸ்டோருக்குள்ள கூட்டிட்டுப் போயி, சூட்டுக் குழாயில என் கையப் புடிச்சு அமுக்குறாரு. நான் கத்துனா வெளிய கேக்காது. வண்டியத் திருப்புங்கப்பா."

சொல்லிக்கொண்டே இடது கையின் சுடிதார்த் துணியை முழங்கைக்கு மேலே ஏற்றினாள்.

ஏலக்காய் உலர்த்துகிற அறைக்குள் நெருப்புச் சூட்டைக் கொண்டுபோகிற தகரக் குழாய் எவ்வளவு தடிமன் என்று சுந்தரம்மாளுக்குத் தெரியும். இவர்கள் ஸ்டோரிலும் இருக்கிறது. தெரியாமல் முந்தானை பட்டாலே பொசுங்கும். அந்தத் தடிமன் அப்படியே, அளவு பிசகாமல், மகள் கையில் இருந்தது. ஒன்று ஆறி வெளுத்திருந்தது. ஒன்று இன்னும் சிவப்பாக இருந்தது.

"இயேசப்பா" என்றார் கிங்ஸ்லி. எதையும் தொடாமலே.

கூடத்தில் இடதுபக்கத்துப் பெட்டி மட்டும் விடாமல் இரைந்தது.

"சித்திரையில நான் வந்துட்டுத் திரும்புனப்ப ஜீப்புல கொண்டு விட்டாருல்லம்மா" என்றாள் கார்த்திகா. "இதேதான், அடிவாரத்துல முந்தல்லயே ஆரம்பிச்சேன். பதினேழு வளைவும் சொல்லிக்கிட்டே போனேன். ஒரு வளைவுல தலைய ஆட்டுனாரு. சரி, புரிஞ்சிருச்சு, மேல போயி வண்டியத் திருப்புவாருன்னு நெனச்சேன். மெட்டுல நிப்பாட்டி டீ வாங்கிக் குடுத்தாரு. பூப்பாறையில எறக்கி விட்டுட்டு ஆரன் அடிச்சிட்டுப் போயிட்டாரு."

காசிமாயனுக்கு அப்போதுதான் மற்றவர்கள் முகம் கண்ணில் பட்டது. விரலை எடுத்தார்.

"என்ன? என்ன ஆச்சு? எல்லாரும் ஏன் இப்படிப் பாக்குறீக?" பிறகு மகளுடைய கையைப் பார்த்தார். "இது என்னத்தா இது?"

சுந்தரம்மாள் எழுந்தாள். விதைகளை மிதித்துக்கொண்டு சோபாவைச் சுற்றி வந்து, அவருக்கு வலது பக்கம் உட்கார்ந்து, மகள் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் அந்தக் காதில் சொன்னாள். கல்யாணமாகி முப்பத்தொரு வருசத்தில் அவள் பேச்சை அவர் குறுக்கே பேசாமல் கேட்டது அன்றைக்குத்தான்.

கேட்டு முடித்ததும் காசிமாயன் இடிந்து உட்கார்ந்தார். முகம் கோணியது. கண்ணீர் மீசைக்குள் இறங்கியது. அவர் அழுது சுந்தரம்மாள் பார்த்ததில்லை. அவர் அம்மா செத்தபோதுகூட இரங்கல் உரைதான் ஆற்றினார்.

"படுபாவி ஆயிட்டேனே! பெத்த மக பக்கத்துல உக்காந்து கதறியிருக்கா, என் காதுல விழுகலையே! இந்தக் காது என்னையக் கெடுத்துருச்சே! ஒரு சொல்லு, ஒரே ஒரு சொல்லு விழுந்திருந்தா வண்டிய அங்கனயே திருப்பியிருக்க மாட்டேனா! பத்தாவது வளைவா இருந்தா என்ன, பதினஞ்சாவது வளைவா இருந்தா என்ன!"

எப்போது எடுத்தாரோ, அந்தச் சின்ன மைக் அவர் கையில் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் அழுதார்.

"ஊருக்கெல்லாம் நியாயம் சொன்னேன், எம்மகளுக்குச் சொல்ல முடியலையே! கிங்ஸ்லி, நீ சாட்சி. இனிமே எம்மக அந்த வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டா. இது இந்தக் காசிமாயன் வாக்கு!"

கிங்ஸ்லி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ரிசீவரை அணைத்தார். "தேனியில காது டாக்டரு இருக்காரு. திங்கக்கிழமை நானே கூட வர்றேண்ணே" என்று சொல்லிவிட்டு, சத்தமில்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

சுந்தரம்மாள் மகளை அடுப்படிக்குக் கூட்டிப்போய், தேங்காயெண்ணெயை உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டு, எங்கே தடவுவது என்று தெரியாமல் நின்றாள். எண்ணெய் சேலையில் வழிந்தது. அடுப்பில் மொச்சைக் குழம்பு அடிப்பிடிக்கிற வாசம் வந்தது. இருவரும் நகரவில்லை.

"பன்னெண்டு நாளா எங்கிட்டச் சொல்லலையேத்தா."

"அப்பாவே பேசாம இருக்காரு, நீ மட்டும் என்ன பண்ணப்போறேன்னு நெனச்சேன்."

"அவரு என்னத்தா செய்வாரு? பாவம், செவிட்டு மனுசன். கேட்டிருந்தா விட்டிருப்பாரா? நாந்தான் அவரு பொய் சொல்றாரோன்னு இத்தன நாளா மனசுக்குள்ள வஞ்சுக்கிட்டுத் திரிஞ்சேன்." சுந்தரம்மாள் மூக்கைச் சிந்தினாள். "போத்தா. அவருக்கு வலது பக்கமா உக்காந்து ரெண்டு வார்த்த பேசு. ஒடஞ்சு போயிக் கெடக்காரு."

கூடத்திலிருந்து காசிமாயன் குரல் கேட்டது. சம்பந்திக்குப் போன் போட்டுவிட்டார். "வேலுச்சாமி, நாளைக்கு நீங்க வர வேணாம். ஆமா. எம்மகள அனுப்புறதா இல்ல. உங்க மகன் செஞ்ச காரியம் இன்னைக்குத்தான் எனக்குத் தெரியவந்துச்சு. இன்னைக்குத்தான்…" குரல் தழுதழுத்தாலும் கம்பீரம் குறையவில்லை. சுந்தரம்மாளுக்கு அந்த நேரத்திலும் புருசனை நினைத்து நெஞ்சு விம்மியது.

கார்த்திகா எட்டி அடுப்பை அணைத்தாள்.

"ஜீப்புல சொன்னது ரெண்டாவது தடவம்மா."

"என்னத்தா?"

"மாசி மாசமே சொல்லிட்டேன். மொதச் சூடு வச்ச அன்னைக்கு. 'கும்பாபிசேகம் முடியட்டும் ஆத்தா, இப்ப இது வெளிய தெரிஞ்சா கமிட்டியில மரியாத போயிரும்'னு சொன்னாரு. முடிஞ்சிருச்சேன்னுதான் ஜீப்புல மறுபடி சொன்னேன்."



"மாசியில நீ இங்க வரவே இல்லையே. எங்க வச்சுச் சொன்ன?"

"போன்ல."

சுந்தரம்மாள் அடுப்படி வாசலுக்கு வந்து கூடத்தைப் பார்த்தாள். காசிமாயன் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.

அவர் போனை எப்போதும் வலது காதில்தான் வைப்பார்.